இரைச்சலுக்கு ஒரு வரம்பு

மீனலோசனியிடம் பாடம் கேட்க வந்தபோது கஸ்பாருக்குப் பாதித் தலை நரைத்திருந்தது. குருவோ சீடரைவிட வயதில் மிகவும் சிறியவர். கஸ்பார் அவரை மேடம் என்பார். அவர் கஸ்பாரை அண்ணே என்பார். மின்கருவிகள் கிளப்பும் ரேடியோ இரைச்சலை அளக்கும் கூடம் ஒன்றைத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் மீனலோசனி நடத்திவந்தார்.

கஸ்பார் அங்கே வந்து சேர்ந்ததற்குக் காரணம் அவருடைய தம்பி சவியோ. போன மழைக்காலத்தில், புயல் வருகிறது, திரும்புங்கள் என்று கரையிலிருந்து வயர்லெஸில் கூப்பிட்டார்கள். சவியோவின் படகில் புதிதாகப் போட்ட எல்.இ.டி. விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. அவற்றின் மின்பெட்டி கக்கிய இரைச்சலில், வயர்லெஸ் செட்டில் 'கர்'ரென்ற சத்தத்தைத் தவிர எதுவும் கேட்கவில்லை. படகு உடைந்தது. ஒரு பலகையைக் கட்டிக்கொண்டு சவியோ கரை ஒதுங்கினான்.

அதன்பின் படகுக்காரர்களும் விளக்கு செய்பவர்களும் மீனலோசனியிடம் வந்தார்கள். படகு விளக்கு எவ்வளவு இரையலாம், அதை எப்படி அளப்பது என்று எழுதித் தரக் கேட்டார்கள். மீனலோசனி அந்த வேலையைக் கஸ்பாரிடம் ஒப்படைத்தார்.

கஸ்பார் அன்றைக்கே எழுதிவிட்டார். அளக்கும் கருவியின் கண்ணுக்குத் தெரிகிற மிகச் சிறிய அளவு எதுவோ அதுவே வரம்பு. அதற்கு மேல் ஒரு துளி இரையும் எந்தப் பொருளும் படகில் ஏறக் கூடாது.

மீனலோசனி அதைப் படித்துப் பார்த்தார். விளக்கு எதையும் போடாமல், மேசையில் ஒரு வயர்லெஸ் செட்டை மட்டும் வைத்து அதன் அருகே அளக்கும் கருவியின் ஆன்டெனாவைப் பிடிக்கச் சொன்னார். கருவியின் கோடு எழும்பி, கஸ்பார் எழுதிய எண்ணைத் தாண்டி நின்றது.

"உங்க கணக்குப்படி படகைவிட்டு முதல்ல இறங்க வேண்டியது இந்த வயர்லெஸ் செட்டுதான், அண்ணே."

கஸ்பாருக்கு முகம் சுருங்கியது. "அப்போ எவ்வளவுன்னு எதை வச்சு எழுதுறது?"

"வாங்க, கேட்டுட்டு வருவோம்."

இருவரும் துறைமுகத்துக்குப் போனார்கள். கரை நிலையத்தில் ஒருவரை உட்காரவைத்து, தொலைகடலுக்கு எட்டும் குரல்போல சிக்னலை மெலிதாக்கி, ஊர்ப்பெயர்களை வாசிக்கச் சொன்னார் மீனலோசனி. படகில் இருப்பவர் அந்தப் பெயர்களைத் திருப்பிச் சொல்ல வேண்டும். எரியும் விளக்கைக் கஸ்பார் மெல்ல மெல்லச் செட்டின் ஆன்டெனா பக்கம் நகர்த்த வேண்டும். பெயர் பிடிபடாத இடத்தில் படகுக்காரர் கையைத் தூக்குவார். அந்த இடத்து இரைச்சலைக் கஸ்பார் அளப்பார்.

பழைய செட், புதிய செட், நல்ல காது, மந்தக் காது என்று படகு படகாக ஏறி இறங்கினார்கள். எல்லோருக்கும் முன்னால் கையைத் தூக்கியவன் சவியோ. விபத்துக்குப் பிறகு அவனுக்கு ஒரு காது சரியாகக் கேட்பதில்லை.

அவன் கை தூக்கிய அளவை மீனலோசனி எடுத்துக்கொண்டார். ஒரு படகில் பல விளக்குகள் எரியும் என்பதால் இன்னும் கீழே இறக்கினார். அதுவே வரம்பானது.

வரம்பை அறிவிக்கக் கூட்டிய கூட்டத்தில் விளக்கு செய்பவர்கள் சார்பாகச் சங்கரலிங்கம் எழுந்தார். வெளியூர்க் கூடம் ஒன்றில் அளந்து பார்த்தாயிற்று, தன் விளக்கு வரம்புக்குள்தான் இருக்கிறது என்றார். கஸ்பார் அளந்தபோதோ அதே விளக்கு வரம்பை மீறியது. ஏமாற்று என்று அவருக்கு வாய்வரை வந்துவிட்டது.

மீனலோசனி இரு தரப்பையும் ஒரே அறையில், ஒருவர் கண்ணெதிரே மற்றவர் அளக்கச் சொன்னார். வெளியூர்க் கூடத்து ஆள் ஒயரை அழகாகச் சுருட்டி மேசைக்கடியில் வைத்து அளந்தார். கஸ்பார் அதைத் தொங்கவிட்டு அளந்தார். விளக்கு ஒன்று, விடை இரண்டு. யாரும் பொய் சொல்லவில்லை.

"படகுல இந்த ஒயர் எப்படி இருக்கும், ஐயா?" என்று சங்கரலிங்கத்திடம் கேட்டார் மீனலோசனி.

சங்கரலிங்கத்துக்குத் தெரியவில்லை. தானே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். சட்டையெல்லாம் கிரீஸ்.

"விளக்குக் கம்பத்துல இருந்து தொங்குது" என்றார்.

ஒயர் தொங்க வேண்டும் என்று கஸ்பார் எழுதினார். விளக்கைச் சுற்றிச் சுற்றித் திருப்ப வேண்டும். ஆன்டெனாவை ஏற்றி இறக்கிப் பார்க்க வேண்டும். எல்லாவற்றிலும் பெரிதாக வந்த அளவே கணக்கு. வரம்பு ஒரே வரியில் முடிந்தது. அளக்கும் விதத்துக்குப் பக்கம் பக்கமாக ஆனது.

பிறகு இரண்டு கூடங்களும் ஒன்றுக்கொன்று காட்டாமல் அளந்தன. முடிவுகளைச் சேர்த்து வைத்துப் பார்த்தபோது மயிரிழைதான் வித்தியாசம். இரண்டிலும் விளக்கு தோற்றிருந்தது. சங்கரலிங்கம் இரண்டு தாள்களையும் வாங்கிப் பார்த்தார். எழுந்துவந்து கஸ்பாரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அடுத்து அவர் கொண்டுவந்த மின்பெட்டியில் இரைச்சலை வடிகட்டும் சிறு பாகம் ஒன்று கூடியிருந்தது. அது வென்றது.

மழைக்காலம் தொடங்குமுன் ஒரு மாலையில் படகுகளெல்லாம் புதிய விளக்குகளோடு கடலில் பரவி நின்றன. எல்லாவற்றையும் ஒன்றாக எரியவிட்டார்கள். கரை நிலையத்தில் மைக்கைக் கஸ்பாரிடம் கொடுத்தார் மீனலோசனி.

கஸ்பார் மைக்கை அழுத்தினார். "புயல் எச்சரிக்கை ஒத்திகை. எல்லாப் படகும் கரை திரும்பவும்."

ஒவ்வொரு படகாக அந்தச் சொற்களைத் திருப்பிச் சொன்னது. கடைசியாக, தூரத்துப் படகிலிருந்து சவியோவின் குரல் வந்தது.

"கேக்குது அண்ணே. பக்கத்துல நின்னு கூப்பிடுற மாதிரி கேக்குது."

கஸ்பார் பதில் சொல்ல மைக்கை எடுத்தார். அதற்குள் கடலில் இருந்த அத்தனை பேரும் ஒரே நேரத்தில் மைக்கை அழுத்திவிட்டார்கள். விசில், கூவல், பாட்டு, யார் யாரையோ பெயர்சொல்லி அழைக்கும் சத்தம். எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, ஒரு சொல்கூடப் புரியாமல் செட் அதிர்ந்தது.

கஸ்பார் பதறிப்போய்த் திரும்பினார். "மேடம், மறுபடியும் ஒரே இரைச்சல்."

மீனலோசனி கை நீட்டி ஒலியை இன்னும் கூட்டினார்.

"இருக்கட்டும், அண்ணே. இதுக்கு வரம்பு எழுத வேண்டாம்."