துறைத்தலைவரின் புதுப் பிரிண்டர்

ஒரு பிளக்கைக்கூடத் தன் கையால் சொருகியிராத துறைத்தலைவர் ஏகாம்பரநாதன், பாலிடெக்னிக் மின்னணு ஆய்வகத்துக்குப் புது இங்க்ஜெட் பிரிண்டர் வாங்கி, அதற்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தார். பழைய லேசர் பிரிண்டரைக் காயலான் கடைப் பட்டியலில் முதல் வரியாக எழுதினார்.

"சர்க்யூட் போர்டுக்கு அந்தப் பழசுதான் வேணும் சார்," என்றாள் ஆய்வக உதவியாளர் செங்கமலம். "அதோட டோனர் பிளாஸ்டிக் தூள். அச்சடிச்ச தாளைச் செம்புத் தகட்டுல கவிழ்த்து இஸ்திரி போட்டா, அது உருகித் தகட்டுல ஒட்டும். இங்க் ஒட்டாது."

"எனக்கே பாடமா? நாளைக்கு ஆய்வுக்குழு வருது. என் பிரிண்டர்ல அடிச்ச படத்தை வெச்சு போர்டு செஞ்சிருக்கணும். இல்லேன்னா லேசரோட நீயும் வெளியே!"

மறுநாள் போர்டு தயாராக இருந்தது. சுவிட்சைப் போட்டதும் அதில் விளக்கு எரிந்தது.

"எல்லாம் நான் தேர்ந்தெடுத்த பிரிண்டரோட மகிமை!" என்று குழுத்தலைவியிடம் மார்தட்டினார் ஏகாம்பரநாதன்.

"சார் கையாலேயே இன்னொண்ணு செஞ்சு காட்டட்டும் மேடம்," என்றாள் செங்கமலம்.

அவர் படத்தை அச்சடித்துத் தகட்டில் கவிழ்த்து, வியர்க்க வியர்க்க இஸ்திரி போட்டார். தாளை உரித்தபோது தகட்டில் உருப்படியாக ஒரு கோடு இல்லை.

"அப்போ அந்த முதல் போர்டு எப்படி வந்துச்சு?" என்றார் குழுத்தலைவி.

"சார் பிரிண்டர்லதான் அடிச்சேன் மேடம், அவர் சொல்லை மீறல. அப்புறம் வாசல் ஜெராக்ஸ் கடையில பளபளப்புத் தாள்ல ஒரு காப்பி எடுத்தேன். அந்த மெஷின்ல இருக்கறதும் டோனர்தானே?"

குழுத்தலைவி காயலான் கடைப் பட்டியலை வாங்கி, லேசரின் பெயரை அடித்து நீக்கினார். காலியான அந்த வரியில் வேறு என்ன எழுதலாம் என்பதுபோல் ஏகாம்பரநாதனை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார்.