வெள்ளைச்சாமியின் பாதிச் சம்பளம்

இன்னும் கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்க. அரிசி மில் இரைச்சலில் பாதிக் காது போன ஆள் நான். நீங்கள் சிரிக்கிறது எனக்குக் கேட்க வேண்டாமா?

எங்கள் மில்லில் மூட்டை தூக்குகிறவன் வெள்ளைச்சாமி. நெல் மூட்டை சரிந்து விழுந்து இடது கை ஒடிந்துபோனது. மாவுக்கட்டு போட்டு, மில்லுக்குப் பின்னால் இருக்கிற வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள். அவன் கூலி நின்றால் அடுப்பும் நின்றுபோகும், அப்படிப்பட்ட வீடு.

மேனேஜர் வந்து ஆறுதல் சொன்னார். "கம்பெனி உன் பேர்ல இன்சூரன்ஸ் கட்டியிருக்கு. கை கூடுற வரைக்கும் பாதிச் சம்பளம் வீடு தேடி வரும். ஆனா ஒண்ணு, கூலி கிடைக்கிற எந்த வேலையும் நீ செய்யக்கூடாது. ஆபீசர் சொல்லாம கொள்ளாம வந்து பார்ப்பார். செஞ்சேன்னா பணம் அம்போதான்."

கூட்டாளிகள் மூன்று பேரும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார்கள். பொன்னுரங்கம், சித்திரவேலு, அப்புறம் தங்கையா. மூன்று பேரில் தங்கையாதான் புத்திசாலி. அதை அவனே சொல்லியிருக்கிறான்.

மேனேஜர் போனதும் வெள்ளைச்சாமி கண்ணை மூடினான். பொன்னுரங்கம் பதறிப்போய் உலுக்கினான்.

"எந்திரிடா! தூங்குறதுக்குக் கூலி உண்டு. நம்ம வாட்ச்மேன் வேற எதுக்குச் சம்பளம் வாங்குறான்?"

வெள்ளைச்சாமி எழுந்து உட்கார்ந்து டீயை எடுத்தான். சித்திரவேலு டம்ளரைப் பிடுங்கிக்கொண்டான்.

"பொழுது விடிஞ்சு பொழுது போனா கணக்குப்பிள்ளை இதைத்தான்டா செய்யுறாரு!"

வெள்ளைச்சாமிக்கு ஆத்திரம் வந்து மூன்று பேரையும் தாறுமாறாகத் திட்டினான்.

"ஐயையோ, அது மேஸ்திரி உத்தியோகம்! வாயை மூடு!" என்று அலறினான் தங்கையா.

அவன் பெண்டாட்டி செல்லக்கிளி துடைப்பத்தோடு வந்தாள். "அந்த மனுசனைச் சும்மா இருக்க விடுங்களேன், அண்ணே!"

தங்கையா திடுக்கிட்டான். "அது மட்டும் கூடவே கூடாது தங்கச்சி. சும்மா இருக்கிறதுக்குத்தான் இந்த மில்லுலயே பெரிய சம்பளம்."

மூன்று பேரும் முதலாளி ரூம் பக்கம் திரும்பி ஒரு கும்பிடு போட்டுக்கொண்டார்கள்.

"அப்ப நான் என்னதான்டா செய்யுறது?" என்று அழுதான் வெள்ளைச்சாமி.

தங்கையா வெகுநேரம் தலையைச் சொறிந்தான். பிறகு முகம் மலர்ந்தது. "இந்த மில்லுல கூலியே கிடைக்காத காரியம் ஒண்ணு இருக்குடா!"

சாயங்காலம் சங்கு ஊதின பிறகு லாரியில் மூட்டை ஏற்றுவோமே, அதுதான். அதற்கு இதுவரை ஒரு பயலும் கூலி பார்த்ததில்லை.

அன்றைக்கென்று பார்த்து ஆபீசர் வந்துவிட்டார். மாவுக்கட்டும் தலையில் உமி மூட்டையுமாக வெள்ளைச்சாமி எதிரே வருகிறான்.

"என்னய்யா இது! வேலை செய்யுறியா?"

"வேலை இல்லைங்க சார்," என்றான் தங்கையா. "இதுக்குக் கூலியே கிடையாது. வேணும்னா முதலாளியைக் கேளுங்க."

சத்தம் கேட்டு முதலாளி ஓடிவந்தார். ஆபீசர் கேட்டார்: "இது வேலையா, இல்லையா?"

ஏற்றிக்கொண்டிருந்த அத்தனை பேரும் மூட்டையோடு அப்படியே நின்று முதலாளி வாயைப் பார்த்தார்கள். வேலை என்று சொன்னால் இத்தனை வருஷத்துக் கூலியை எண்ணி வைக்க வேண்டுமே! முதலாளி இரண்டு கையையும் ஆட்டினார்.

"சேச்சே, வேலையா! பொழுது போகாம விளையாடுறாங்க சார்."

ஆபீசரும் லேசுப்பட்டவரில்லை. ரொம்ப நேரம் யோசித்தார். "விளையாட்டுன்னா விதிப்படி தப்பில்லை," என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். பாதிச் சம்பளம் தவறாமல் வந்தது. வெள்ளைச்சாமி தவறாமல் விளையாடினான்.

ஒருநாள் கை கூடிவிட்டது. ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டை இரண்டாக உடைத்து எடுத்தார்கள். மறுநாள் தங்கையா அந்த இரண்டு பாதியையும் துண்டில் பொதிந்து, பிள்ளையைத் தூக்குகிற மாதிரி தூக்கிக்கொண்டு மேனேஜர் ரூமுக்குப் போனான். மேஜைமேல் மெதுவாகப் படுக்க வைத்தான்.

"கை சரியாயிடுச்சுங்க சார். ஆனா இத்தனை நாளா ராப்பகலா உழைச்ச மாவுக்கட்டு ரெண்டா ஒடிஞ்சுபோச்சு. இனிமே இதால ஒரு வேலையும் செய்ய முடியாது. இதுக்குப் பாதிச் சம்பளம் எப்ப வரும்?"