காயத்தில் ஊறிய எண்ணெய்

கேளுங்கள், சிறுசுகளும் பெருசுகளும்! கலங்கரை விளக்கம் கட்டாத காலத்தில், கடலோரம் தாழையூர் என்றொரு ஊர் இருந்தது. அந்த ஊர்க் கோயிலுக்கு ஓலைக்கூரை, மண்சுவர், உள்ளங்கை அகலத்துக்கு ஒரே சன்னல். பட்டப்பகலிலும் உள்ளே இருட்டு.

அந்த இருட்டில் அம்பு தைத்த புனிதர் செபஸ்தியார் மரச்சிலையாக நின்றார். முகத்தை யாரும் சரியாகப் பார்த்ததில்லை. ஆனாலும் அவரைத் தெரியாதவர் ஊரில் இல்லை. உள்ளே நுழைந்தால் சாம்பிராணி மூக்கில் ஏறும், மணல் காலைக் குளிர்விக்கும், மணியோசை நெஞ்சுக்குள் விழும். தடவிக்கொண்டே போய், அவருடைய இடது விலாக் காயத்தில் புன்னை எண்ணெய் ஊற்றுவார்கள். வழிவதைத் தொட்டு நெற்றியில் பூசுவார்கள். அந்த எண்ணெயில் ஒரு சொட்டு முகப்பில் படாமல் எந்தப் படகும் கடலில் இறங்காது. பூட்டன் காலத்து வழக்கம்.

எண்ணெய் ஊற்றும் பொறுப்பு கித்தேரியம்மாளுடையது. அவள் கணவன் எஸ்தாக்கி கடலுக்குப் போகிறவன்.

ஒரு மாரியில் ஆறு பெருகி வந்தது. தாழையூர்க் கோயிலையும் அடித்தது, அக்கரை மாடத்தூர்க் கோயிலையும் அடித்தது. இரண்டு கோயிலிலும் இருந்த செபஸ்தியார் சிலைகள் வெள்ளத்தோடு போயின. கரை ஒதுங்கியதோ ஒரே ஒரு சிலை. சாயமெல்லாம் போய், மூக்கு மழுங்கிக் கிடந்தது.

முதலில் கண்டவர் மாடத்தூர் லாசர் முதலாளி. பொய் சொல்கிற ஆள் இல்லை அவர். தம் ஊர்ச் சிலை என்றே நம்பித் தூக்கிப் போனார். ஆசையாக நீலச் சாயம் அடித்தார். காயங்களை மெழுகால் அடைத்து வழவழப்பாக்கினார். சந்தனம் பூசினார்.

சிலையின் எண்ணெய் படாததால் தாழையூரில் படகுகள் மணலில் கிடந்தன. பிள்ளைகள் கஞ்சித் தண்ணீர் குடித்தார்கள். பங்குக் கோயில்களைப் பார்க்க ஆயர் வந்ததும், மாடத்தூர்க் கோயிலில் கித்தேரி அவர் முன்னால் போய் நின்றாள்.

"பெரிய சாமி, அவர் எங்க ஆளு."

"ஏட்டி கித்தேரி, உங்க கோயில் இருட்டுல நீ உன் புருசனையே கண்டுபிடிக்க மாட்டியே! சிலையவா கண்டுபிடிக்கப் போற?" என்றார் லாசர். மாடத்தூரே சிரித்தது.

ஆயர் சிரிக்கவில்லை. "உச்சிப் பூசைக்கு மணி அடிப்பதற்குள் இது உங்கள் சிலை என்று காட்டு, அம்மா. இல்லையென்றால் சிலை இங்கேயே இருக்கும்."

கித்தேரி கண்ணால் பார்த்தாள். நீலம்தான் தெரிந்தது. கையால் தடவினாள். காயம் இருந்த இடம் கண்ணாடி போல் வழுக்கியது. மூக்கை வைத்து முகர்ந்தாள். சந்தனம், சந்தனம், சந்தனம்.

"போதுமாட்டி?" என்றார் லாசர். மணிக்கயிற்றைப் பிடித்துவிட்டார்கள்.

 குளிர்ந்த விடியலில் புன்னை எண்ணெய் குப்பியிலேயே உறைந்து கிடப்பதும், அடுப்போரம் வைத்ததும் இளகி மணப்பதும் அப்போது கித்தேரிக்கு நினைவுக்கு வந்தன.

"சாமி, அந்தத் தூபக்கால கொஞ்சம் தாங்க."

கனல் நிறைந்த தூபக்காலை இடது விலாவுக்கு அருகே பிடித்தாள். சாயம் கருகாத தூரம், பால் காய்ச்சுகிற நிதானம். முதலில் மெழுகு இளகி வழிந்தது. பிறகு மரம் வியர்த்தது. காயத்திலிருந்து பச்சையாய், கெட்டியாய் ஒரு சொட்டு எட்டிப் பார்த்தது.

சந்தனத்தைத் தள்ளிக்கொண்டு கிளம்பியது ஒரு வாசம். பீடம் தாண்டி வாசலுக்கு வந்தது. வெளியே வெயிலில் நின்ற எஸ்தாக்கி கத்தினான்: "ஏலே, நம்ம கோயில் வாசம்லா!" சிலையைப் பார்க்காமலே அவனோடு வந்திருந்த தாழையூர் மொத்தமும் மண்டியிட்டது.

"சாயம் உருகுது சாமி," என்றார் லாசர். குரலில் பழைய தெம்பு இல்லை.

ஆயர் சொட்டைத் தொட்டு முகர்ந்தார். அதே விரலை லாசரின் மூக்கருகே நீட்டினார். "உங்கள் சிலைக்கு எண்ணெய் ஊற்றுவதுண்டா?"

லாசர் முகர்ந்து பார்த்தார். "நாங்க உசரத்துல, கம்பிக்குப் பின்னால வச்சிருந்தோம் சாமி. ஒரு நாளும் தொட்டதில்ல."

"அதுக்கென்ன முதலாளி, இப்பத் தொடுங்க," என்று கித்தேரி அவர் கையைப் பிடித்துக் காயத்தில் வைத்தாள். பெரிய மனிதரின் கண் கலங்கியது. ஆற்றைக் கடக்கச் சிலையின் ஒரு பக்கத்துக்கு அவரே தோள் கொடுத்தார்.

அன்று சாயங்காலம் தாழையூர்ப் படகுகள் அத்தனையும் நெற்றியில் எண்ணெய் மினுங்கக் கடலில் இறங்கின. புது ஓலை வேய்ந்த கோயிலில் மணி அடித்தது. விடிந்து திரும்பிய வலைகளை இழுக்க ஊரே ஓடியது. முதல் கூடை மீன் மாடத்தூருக்குப் போனது.

ஆகவே மக்களே, கையும் மூக்கும் நெஞ்சும் பழகி வளர்த்த அன்பை எந்தப் பூச்சாலும் மூடி மறைக்க முடியாது.