தவசி பொசுக்கிய டிரான்சிஸ்டர்

“இதோட மூணு பொசுங்கிடுச்சு டீச்சர். எனக்கு இந்த வேலை வராது, விட்டுடுங்க.”

தவசி கருகிய டிரான்சிஸ்டரை மேசையில் போட்டார். முப்பது வருஷம் ரயில்வே கேட் கீப்பராக இருந்தவர். டீச்சர் ஜெயசீலிக்கு வயது இருபத்தெட்டு. வீல்சேர் ரிப்பேர் கடை வைத்திருக்கிறாள்; அவளிடம்தான் தவசி வேலை கற்றுக்கொள்கிறார்.

தவசியின் மகள் முல்லைக்குத் திங்கட்கிழமை காலேஜ் திறக்கிறது. அவள் உடம்பில் வலது சுண்டுவிரல் மட்டும்தான் சொன்னபடி கேட்கும். “நீங்க தள்ளிக்கிட்டு வர்றதா இருந்தா நான் போகலைப்பா” என்று சொல்லிவிட்டாள். பிடிவாதத்தில் அப்பனை உரித்து வைத்தவள். அந்த ஒரு விரலால் அவளே ஓட்டும் மோட்டார் வீல்சேருக்குத்தான் இந்த டிரான்சிஸ்டர்.

“டிரான்சிஸ்டரைத் திறக்கிற அந்த ‘கேட்’ காலில் எவ்வளவு வோல்ட் கொடுத்தீங்க ஐயா?”

“ரெண்டு பேட்டரியும் சேர்த்து இருபத்துநாலு வோல்ட். பின்னே? கேட்டுன்னா சும்மாவா? நான் சுத்தின சுத்துக்குத் தோள்பட்டையே கழண்டிருக்கும்!”

ஜெயசீலிக்குச் சிரிப்பு தாங்கவில்லை. “அது அந்த கேட். இதுகிட்ட மெல்லமாக் கேட்டாலே போதும்.”

கடையில் மிச்சமிருந்த ஒரே டிரான்சிஸ்டரை எடுத்தாள். ஒரே ஒரு பேட்டரி, ஒரு கார் பல்பு, இரண்டுக்கும் நடுவில் அது. பல்பு எரியவில்லை.

“பேட்டரி பிளஸ்ஸில் ஒரு விரல். கேட் காலில் இன்னொரு விரல். தொடுங்க.”

தவசி பயந்து பயந்து தொட்டார்.

பல்பு பளிச்சென்று எரிந்தது.

“அடேயப்பா! இவ்வளவு கரண்டும் என் உடம்பு வழியாவா போகுது?”

“பல்பு எரியுற கரண்ட் உங்க வழியா போகலை. கேட்டுக்கும் கரண்ட் ஓடுற பாதைக்கும் நடுவில் கண்ணாடிச் சவ்வு ஒண்ணு இருக்கு. பொட்டுக் கரண்ட் தாண்டாது. அதைத்தான் மூணு தடவை கிழிச்சீங்க.”

“ஒண்ணுமே உள்ளே போகலைன்னா பாதையை எது திறக்குது?”

“நீங்க பக்கத்தில் வந்து நிக்கிறது.”

தவசி பல்பையும் தன் விரலையும் மாறி மாறிப் பார்த்தார்.

“இப்ப விரலை எடுங்க.”

எடுத்தார். பல்பு எரிந்துகொண்டே இருந்தது.

“டீச்சர், நான்தான் விட்டுட்டேனே!” விரலைத் தூக்கிக் காட்டினார்.

“நீங்க வச்ச சார்ஜ் அங்கேயே நிக்குது. போக வழியில்லை.”

மத்தியானத்துக்குள் அதே டிரான்சிஸ்டரைத் தன் கையாலேயே வீல்சேரில் ஈயம் வைத்துப் பற்றவைத்தார். முல்லையை அதில் உட்காரவைத்ததும், அவள் விசையில் சுண்டுவிரலை அசைத்தாள்.

மோட்டார் முனகியது. வண்டி நகரவில்லை.

“போச்சு! இதுவும் போச்சா?” தவசி பதறினார்.

“டிரான்சிஸ்டர் நல்லாத்தான் இருக்கு,” என்றாள் ஜெயசீலி. “வண்டியைப் பின்னால் பிடிச்சிருக்கிறது யாரு?”

தவசி குனிந்து தன் இரண்டு கைகளையும் பார்த்தார்.