முதலாளி இறக்கிய கனம்

குவாரி முதலாளி பொன்னுரங்கத்துக்கு எந்நேரமும் உயிர்ப்பயம். புதிதாய் வாங்கிய வெளிநாட்டுக் காரின் கதவுகளுக்குள் இரும்புத் தகடு அடித்தார்; குண்டு துளைக்காத கண்ணாடி மாட்டினார். வண்டி டீசலைக் குடித்துத் தீர்த்தது. பழி டிரைவர் செங்கோடன் மேல் விழுந்தது. முந்தைய டிரைவரும் இதே பழியோடு போனவன்தான். அப்புறம் ஊரில் எவரும் அவனிடம் வண்டிச் சாவி கொடுக்கவில்லை.

"கனம் ஏறிப்போச்சுங்க மொதலாளி."

"கனமெல்லாம் ஒண்ணும் இல்லடா! திருடறவன் நீ! கார் கம்பெனிக்காரன் சொன்ன மைலேஜ் கணக்குக்கு டீசல் ஊத்தறேன். சேலம் போயிட்டு வரணும். நடுவுல நின்னா வீடுவரைக்கும் நீதான் தள்ளணும்."

"சரிங்க. நான் திருடறனான்னு பார்க்க நீங்களும் கூட வாங்க."

திரும்பும் வழியில், உச்சிவெயிலில், டீசல் தீர்ந்து வண்டி நின்றது. செங்கோடன் முக்கித் தள்ளினான். அசையவில்லை.

"கனமே இல்லைன்னீங்க. எனக்குத்தான் தெம்பு பத்தலையோ என்னவோ. ஒரு கை கொடுங்க மொதலாளி."

முதலாளி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தள்ளினார். எதிரே டீக்கடைக் கூட்டம் வேடிக்கை பார்த்தது.

"யப்பா, என்னா கனம்டா!"

"எஞ்சினும் தினம் இதையேதானுங்க சொல்லுது."

டீக்கடையே சிரித்தது.

மறுநாளே முதலாளி வண்டியின் கனத்தைக் குறைத்தார். தகடும் கண்ணாடியும் அப்படியே இருந்தன. டீசல் திருடன் என்ற பேரோடு இறங்கியது செங்கோடன் மட்டும்தான்.