ஏட்டுக்கடலார் ஆற்றில் இறங்கிய கதை

முன்னொரு காலத்தில், போர் இல்லாத நாட்களில் அரசர்களுக்கு யோசனை வந்து தொலைக்கிற காலத்தில், கீர்த்திசேனன் என்று ஒரு மன்னன் இருந்தான். கடல் கடந்து வந்த வணிகன் ஒருவன் அவனுக்கு உலகத்துப் பெரிய ஆசிரியர்களைப் பற்றிச் சொன்னான். ஒருவர் பாடமே சொல்லாமல் கேள்வி மட்டும் கேட்டாராம். ஊரார் பொறுக்க மாட்டாமல் நஞ்சைக் கொடுத்துவிட்டார்களாம். இன்னொருவர் தோப்பில் உலாவிக்கொண்டே கற்பித்தாராம். மற்றொருவர் வாயே திறக்காமல் ஒரு பூவைத் தூக்கிக் காட்டினாராம்.

மன்னனுக்கு அன்று சோறு இறங்கவில்லை. "ஊருக்கு ஊர் ஒரு கற்பிக்கும் முறை இருக்கிறது. நம் நாட்டுக்கு மட்டும் இல்லை. சரித்திரம் நம்மை எப்படி மதிக்கும்?" என்று சபையில் கேட்டான்.

தலைமைப் புலவர் எழுந்தார். 'ஏட்டுக்கடல்' என்பது அவருக்கு மன்னன் கொடுத்த பட்டம். அவர் பேசினால் மன்னன் கொட்டாவி விடுவான். விகடகவி கடுக்கன் பேசினால் சிரிப்பான். அதனால் கடுக்கன் மேல் அவருக்குத் தீராத பொருமல்.

"வேந்தே, ஒரு தொழிலைப் பற்றிய நூலை மனப்பாடம் செய்து, தேர்வில் தேறிய பிறகே அந்தத் தொழிலைத் தொட வேண்டும். இதை ஏட்டு முறை என்று அறிவிப்போம். ஆண்டுதோறும் ஆற்றில் ஓரிருவர் மூழ்கிச் சாகிறார்கள். ஆகையால் நீச்சலிலிருந்தே தொடங்கலாம்" என்றார்.

கணுக்காலுக்கு மேல் நனைந்தறியாத அந்தப் பெரியவர், நீச்சலைப் பற்றி முந்நூறு சூத்திரங்கள் எழுதினார். தேர்வில் தேறாதவர் ஆற்றில் கால் வைக்கக் கூடாது என்று முரசு அறைந்தார்கள். அவருடைய சீடர்கள் ஏழு பேரும் முதல் தரத்தில் தேறினார்கள். மீனவர்களும் ஓடக்காரர்களும் ஒருவர் விடாமல் தோற்றார்கள். வலைகள் கரையில் காய்ந்தன. அக்கரைக் காய்கறி அக்கரையிலேயே அழுகியது. நாட்டில் கல்வி வளர்ந்துவிட்டது என்று மன்னன் மகிழ்ந்தான்.

மூன்று முறை தோற்ற ஓடக்காரி சிலம்பாயி, கடுக்கனின் வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"சாமி, நான் நடக்குறதுக்கு முந்தியே நீஞ்சுனவ. கையசைவு எத்தனை வகைன்னு கேட்டாரு. ரெண்டு கை, ரெண்டு வகைன்னேன். பதினெட்டாம். வீட்டுல அடுப்பு எரிஞ்சு நாலு நாளாச்சு."

கடுக்கன் மறுநாளே சபையில் முறையிட்டான். ஏட்டுக்கடலார் இந்த வாய்ப்புக்காகவே காத்திருந்தவர் போல எழுந்தார்.

"விகடர் நம் முறையைப் பழிக்கிறார். அவரே அந்தப் பெண்ணுக்கு ஆசிரியராக இருக்கட்டும். பத்து நாளில் அவள் என் தேர்வில் தேற வேண்டும். எல்லாம் நூலில் உள்ளபடியே நடக்க வேண்டும். ஒரு சொல் பிசகினாலும் விகடர் நாட்டை விட்டுப் போக வேண்டும்."

மன்னன் தலையசைத்துவிட்டான்.  கடுக்கன் போய்ச் சிலம்பாயிக்குச் சூத்திரம் சொல்லிக்கொடுத்தான். காலையில் படித்ததை அவள் மதியம் மறந்தாள். நான்காம் நாள், நூலில் எத்தனை சூத்திரத்தை விட்டுவிடலாம் என்று பார்க்க உட்கார்ந்தவன், ஓர் இடத்தில் விரலை வைத்து, அந்த வரியை இரண்டு முறை படித்தான். பிறகு, "இந்த ஒன்றை மட்டும் படி. மற்றதை விட்டுவிடு" என்றான்.

பத்தாம் நாள், கடுக்கனின் வேண்டுகோள்படி ஆற்றங்கரையிலேயே தேர்வு நடந்தது. ஊரே கூடியது. ஏட்டுக்கடலார் தொண்டையைக் கனைத்து, எல்லோரிடமும் முதலில் கேட்கும் கேள்வியையே கேட்டார்.

"ஆற்றில் இறங்கும் முறை யாது?"

சிலம்பாயி கண்ணை மூடிக்கொண்டு ஒப்பித்தாள். "ஆசிரியர் முன்னே இறங்குக. மாணவர் பின்னே இறங்குக."

"சரி. அடுத்து…"

"பொறுங்கள் புலவரே" என்றான் கடுக்கன். "நூலில் உள்ளபடியே நடக்க வேண்டும் என்பது தங்கள் நிபந்தனை. நான் வெறும் ஒப்பிக்க வைத்தவன். இவளுக்கு நீச்சல் நூலைத் தந்த ஆசிரியர் தாங்கள். தாங்கள் முன்னே இறங்கினால்தான் அடுத்த பாடத்துக்குப் போக முடியும்."

"எனக்குச் சற்று நீர்க்கோவை" என்றார் புலவர்.

"நூலில் நீர்க்கோவைக்கு விலக்கு உண்டா?" என்று கேட்டான் மன்னன். இல்லை. அவர்தான் எழுதவில்லை.

ஏட்டுக்கடலார் இறங்கினார். முழங்கால் வரை கம்பீரமாகப் போனார். இடுப்பளவில் சேறு வழுக்கியது. அடுத்த கணம் அவருடைய குடுமி மட்டும் தெரிந்தது. பிறகு ஒரு கை. அது பதினெட்டு வகையில் எந்த வகை என்று யாருக்கும் புரியவில்லை. முதல் தரத்தில் தேறிய சீடர்கள் ஏழு பேரும் கரையில் உட்கார்ந்து, மூழ்குவது எந்த இயலில் வருகிறது என்று ஏடுகளைப் புரட்டினார்கள்.

"யாராவது குதியுங்கள்" என்று மன்னன் பதறினான்.

மீனவர் கூட்டம் அசையவில்லை. சிலம்பாயி மட்டும் சேலையை வரிந்து கட்டிக்கொண்டு கடுக்கனைப் பார்த்தாள்.

"வேந்தே, தேறாதவர் ஆற்றில் கால் வைக்கக் கூடாது என்பது தங்கள் ஆணை" என்றான் கடுக்கன். 

"தேறிவிட்டாள். எல்லோரும் தேறிவிட்டார்கள். ஆணை ரத்து."

மன்னன் சொல்லி முடிக்கும்போது சிலம்பாயி தண்ணீருக்குள் இருந்தாள். குடுமியைப் பிடித்து இழுத்துக் கரையில் போட்டாள். ஏட்டுக்கடலார் கொஞ்சம் ஆற்றைக் கக்கினார், உயிருக்குச் சேதமில்லை.

மன்னன் பெருமூச்சு விட்டு, "கடுக்கா, வேண்டியதைக் கேள்" என்றான்.

"எனக்கு எதுவும் வேண்டாம் வேந்தே. புலவர் இந்த அம்மாளிடம் நீச்சல் கற்கட்டும்."

அவ்வளவு நனைந்தும் புலவருக்கு மிடுக்குக் குறையவில்லை. "அறிவு எங்கிருந்து வந்தாலும் ஏற்போம். உன் முறையில் முதல் பாடம் யாதோ?" என்று சிலம்பாயியைக் கேட்டார்.

சிலம்பாயி ஈரச் சேலையைப் பிழிந்தபடி சொன்னாள்: "வாயை மூடிக்கிறதுங்க."

ஏட்டுக்கடலார் மூடிக்கொண்டார். மன்னன் கண்ணில் நீர் வரச் சிரித்து, தன் தோளில் கிடந்த பட்டுச் சால்வையை எடுத்துக் கடுக்கனுக்குப் போர்த்தப் போனான். கடுக்கன் அதை வாங்கி, குளிரில் நின்ற அந்த ஆசிரியைக்குப் போர்த்தினான்.