காருக்கு மட்டும் ஏற்காடு

ஆரணி ரைஸ்மில் முதலாளி தணிகாசலம் கார் விளம்பரத் தாளைச் சுருட்டி டிரைவர் முனிரத்தினத்தின் மூக்குக்கு நேரே ஆட்டினார். சம்பந்தி வீட்டார் பார்த்துக்கொண்டிருந்ததால் குரல் வேறு ஓங்கியது.

"லிட்டருக்கு இருபது கிலோமீட்டர்னு கம்பெனிக்காரனே போட்டிருக்கான். ஏற்காடு போக வர நானூறு. இருபது லிட்டர் டீசல்தான் தருவேன். ஒரு சொட்டு கூடினாலும் உன் சம்பளத்துல பிடிப்பேன்!"

"கம்பெனிக்காரன் சொன்னபடியே ஓட்டிடறேன் முதலாளி. அந்தத் தாளை மட்டும் கொடுங்க," என்றான் முனிரத்தினம் பவ்யமாக.

மறுநாள் காலை ஏழு பேர், நாலு பெட்டி, ஒரு அண்டா புளியோதரையோடு முதலாளி வாசலுக்கு வந்தார். கார் கதவுகள் உள்பக்கம் பூட்டியிருந்தன. ஏசியை அணைத்துவிட்டு வேர்க்க விறுவிறுக்க முனிரத்தினம் மட்டும் உள்ளே உட்கார்ந்திருந்தான். கண்ணாடியை ஒரு விரற்கடை இறக்கினான்.

"போயிட்டு வரேன் முதலாளி."

"டேய், நாங்க இன்னும் ஏறவே இல்லையே!"

"ஏறக்கூடாதுங்களே." தாளை நீட்டினான். "அடியில பொடி எழுத்துல போட்டிருக்கு பாருங்க. டிரைவர் ஒருத்தர்தான், சுமை கூடாது, ஏசி கூடாது, அப்பதான் இருபதாம். நீங்க பின்னாலேயே பஸ்ஸுல வாங்க. நான் காருக்கு ஏரியைச் சுத்திக் காட்டிட்டு வந்துடறேன்."

சம்பந்தியம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். தணிகாசலம் தாளைப் பார்த்தார், அண்டாவைப் பார்த்தார்.

"சரிடா, ஃபுல் டாங்க் அடிச்சுக்கோ. சம்பளத்துல பிடிக்கல. கதவைத் திற!"

"அதை இந்தத் தாள்லயே எழுதிக் கொடுத்துடுங்க முதலாளி," என்று பேனாவையும் நீட்டினான் முனிரத்தினம். "பெரிய எழுத்துல."